நூற்றுக்கு இரண்டு

தேவயானிக்கு நல்ல சேதியைச் சட்டென்று நம்பத் தெரியாது. பார்க்கிற உத்தியோகம் அப்படி. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து அரியலூர் போய், சுகாதார ஆபீசில் நோய்க்கணக்குப் போடுகிறவள்.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இரண்டாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நெஞ்சில் கல்தூசி படிந்திருந்தது என்பது பழைய பதிவு. அந்த வருடம் சீட்டுக் குலுக்கி நூறு பேருக்கு எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டே பேருக்குத்தான் கறை. மேலதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நூறு நூறு பேராக எத்தனை தடவை எடுத்தாலும் எண்ணிக்கை பத்தைச் சுற்றித்தான் ஆடும். பத்து சதவீதத்தையும் தொண்ணூறு சதவீதத்தையும் பெருக்கி, நூறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் மூன்று சதவீதம். அதுதான் ஆட்டத்தின் அளவு. ஏழு வரலாம், பதின்மூன்று வரலாம். இரண்டு வருவதென்றால், ஆயிரம் முகாம் நடத்தினால் ஒன்றிரண்டில்தான் வரும். எங்கோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது.

அந்த நூறில் அவள் அண்ணன் முத்துவேலும் ஒருவன். கல்லங்குறிச்சிப் பக்கம் வீடு. நாலு படி ஏறினால் இருமுகிறவனுக்கு நெஞ்சு சுத்தம் என்று சீட்டு வந்திருந்தது. முகாம் நடந்த வாரம் திருப்பூரிலிருந்து வந்துபோன தம்பி பிரேம்குமாருக்குப் போன் போட்டாள். அவன் மறைக்கவில்லை.

"அண்ணன்தான் அதோட வேலை அட்டையக் குடுத்து, அதுக்குப் பதிலா என்னைய எக்ஸ்ரேக்கு அனுப்புச்சு. கறை இருந்தா வேலைய விட்டு நிப்பாட்டிடுவாங்களாம். அண்ணனையும் சேத்து எனக்குத் தெரிஞ்சே எட்டுப் பேரு ஆள் மாத்தித்தான் அனுப்புனாங்க."

இரண்டும் எட்டும் பத்து. தேவயானி போனை வைத்துவிட்டு அழுதாள்.

யார் பெயரையும் போடாமல் கணக்கை மட்டும் எழுதி, அதே நூறு பேருக்கும் அட்டையோடு முகத்தை ஒத்துப் பார்த்து மறுபடி எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள். பதினொன்று வந்தது. முத்துவேலுக்கு வேலை போயிற்று. வைத்தியம் தொடங்கினார்கள். அவன் ஒரே ஒரு தடவை தங்கை வீட்டு வாசலுக்கு வந்தான், உள்ளே வரவில்லை.

"நூத்துக்குப் பத்துன்னு ஒன் கணக்குக்குத் தெரியும். அதுல நான் ஒருத்தன்னு அதுக்குத் தெரியுமா? ஒனக்குத்தான் தெரியும்."

தை பிறப்பதற்குள் அவன் செத்துப்போனான். அன்றைக்குப் பிறகு கடைசிவரை அவளிடம் பேசவே இல்லை.

அடுத்த வருட முகாமில் ஏழு. நோய் குறைந்துவிட்டதா என்று மேலதிகாரி ஆசையாகக் கேட்டார். ஏழு என்பது தற்செயலாகவே வரக்கூடியதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கணக்கு சரி. இரண்டாயிரம் பேரில் ஒருவன் இல்லாமல் போனது அதில் தெரியாது.