பெயின்ட் வாளியில் கொத்தமல்லி

காய்கறி வாங்கினால் கொத்தமல்லி கொசுறு. ஆனால் கேட்பவனுக்குத்தான் கிடைக்கும். தேனாம்பேட்டையில் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கூச்சம். நாலு மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பேன். "அக்கா, கொஞ்சம் மல்லி" என்று கேட்க மட்டும் வாய் வராது.

"ஊர்ல அவனவன் கேட்டு வாங்கியாரான். உனுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்பாள் என் மனைவி.

ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. "இனிமே நானே வளக்கிறேன்" என்றேன். காலி பெயின்ட் வாளி ஒன்றைத் தேய்த்துக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் நிரப்பி மொட்டைமாடியில் வைத்தேன். சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி தனியாவை அப்படியே தூவினேன். இருபது நாளாகியும் ஒன்றும் தலை காட்டவில்லை.

"உன் வாளிக்கு இது எத்தினியாவது மாசம்?" என்று அவள் தினமும் விசாரித்தாள்.

மானத்தைக் காப்பாற்ற ஒரு வழி தோன்றியது. விடிந்ததும் வேறு தெருவுக்குப் போய், வேரோடு ஒரு கட்டு மல்லியைக் காசு கொடுத்தே வாங்கினேன். வாளியில் நட்டு, தண்ணீர் தெளித்து, அவளைக் கூப்பிட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். கட்டியிருந்த வாழைநாரும் கூடவே வந்தது.

"பரவால்லியே, கட்டோடவே முளைச்சிக்கீது!"

மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு அவளே தனியாவைத் தரையில் பரப்பி, டம்ளரின் அடியால் தேய்த்து, இரண்டிரண்டாக உடைத்துத் தூவினாள். உச்சி வெயில் படாமல் மேலே பழைய புடவை ஒன்றையும் கட்டினாள்.

"உடைக்கணும்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

பன்னிரண்டாம் நாள் வாளியெங்கும் பச்சை. அன்று கடையில், வாழைநார் கதை அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், கடைக்கார அம்மா தானாகவே கொஞ்சம் மல்லியை என் பையில் போட வந்தார்.

"வேணாங்கா. ஊட்ல கீது" என்றேன், நிமிர்ந்து.

"அட, நைனாவுக்குப் பேச்சு வருது!"

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது.

"அது இன்னும் ரெண்டு இலைகூட உடல. அதப் புடுங்கியா போடச் சொல்ற? போய்க் கேட்டு வாங்கிக்கினு வா."

போனேன். தேவையே இல்லாமல் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினேன். அப்புறமும் நகராமல் நின்றேன்.

"அக்கா... கொஞ்சம் மல்லி."

"ஊட்ல கீதுன்னியே?"

"கீதுக்கா. கைக்கொயந்த."