கைடு தூண்டில் போட்ட நாள்

ஏரிக்கு மீன் பிடிக்க வருகிறவர்கள் அவரை ‘கைடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். படகுக் கடைச் சுவர் முழுக்க அவர் கூட்டிப்போனவர்களின் போட்டோக்கள். கெண்டையைக் கட்டிப்பிடித்த பல் டாக்டர், விராலோடு இளிக்கும் புதுமாப்பிள்ளை. எல்லாவற்றிலும் ஓரமாக ஒரு கைவலையும் ஒரு முழங்கையும் தெரியும். அந்த முழங்கைதான் நம்ம ஆள்.

படகில் வாடிக்கையாளர் இருந்தால் கைடு தனக்கென்று மீன் பிடிக்கக் கூடாது. இதில் அவர் படு கறார். தூண்டிலைப் போட்டுக் கொடுப்பார். கடித்ததும் சுண்டி முள்ளை மாட்டிவிட்டு, அடுத்த நொடியே கம்பை அவர்கள் கையில் திணித்துவிடுவார். “காசு கொடுத்தவர் வேடிக்கை பார்க்க, நான் மீன் பிடிக்கவா?” என்பார். லீவு நாளோ படகின் ஓட்டையை அடைக்கவே சரியாகப் போய்விடும்.

இதில் மனைவிக்குத்தான் ஆற்றாமை. துடுப்புக் காலத்திலிருந்து மோட்டார் காலம்வரை விடியலில் எழுந்து டீ ஃபிளாஸ்க் நிரப்பிக் கொடுத்தவர். “கண்டவன் போட்டோ எல்லாம் இருக்கு, உங்க மூஞ்சி எங்கங்க?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். அடுத்த வாரம் கைடுக்கு முழங்கால் ஆபரேஷன். அதற்கப்புறம் படகே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை, சொந்த மீனோடு அவரை ஒரு போட்டோ எடுத்தே தீருவது என்று அந்த அம்மாள் செல்போனும் கையுமாகப் படகில் ஏறிவிட்டார். அதில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

கைடுக்கு வாய் ஓயவில்லை. “மழைத்தண்ணி ஓடை வழியா கலங்கலா இறங்குது பாரு. கலங்கலும் தெளிவும் சேர்ற இடத்துலதான் கெளுத்தி நிக்கும். புழுவை அடியில படுக்கப் போடணும்.” அதோ, அங்கேதான் ஒரு தையல்காரர் மீனைத் தவறவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். இந்தப் பாறைக்குப் பக்கத்தில்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்த அண்ணனும் தம்பியும் ஒரே மீனை இழுத்துச் சமாதானமானார்கள். எத்தனை பேர், எத்தனை நல்ல காலைகள்!

கைடு தனக்கென்று போட்டிருந்த தூண்டில் கம்பின் நுனி வளைந்தது. எழுந்து ஒரே சுண்டு. முள் நன்றாக மாட்டிக்கொண்டது. மாட்டியதுதான் தாமதம், கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

“இந்தாங்க சார், பிடிங்க!”

செல்போன் பலகையில் விழுந்தது. அந்த அம்மாள் கையில் கம்பு.

“என்னங்க, இழுக்குதுங்க!”

“நுனியைத் தூக்கியே வையுங்க சார். விட்டுப் பிடிங்க. அவசரப்படாதீங்க!”

படகு ஆடியது. அந்த அம்மாள் கத்தினார், சிரித்தார், சாமிகளைத் துணைக்குக் கூப்பிட்டார். கடைசியில் கைடு குனிந்து கைவலையால் அள்ளிப் போட்டார். தொடை கனத்துக்கு ஒரு கெளுத்தி. அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்து, பேந்தப் பேந்த விழித்தார்.

“ஐயோ, உன் போட்டோ ஆசையைக் கெடுத்துட்டேனே.”

அந்த அம்மாள் காதில் அது ஏறவே இல்லை. கன்னமெல்லாம் ஏரித் தண்ணீர், கை இன்னும் கம்பை விடவில்லை.

“இத்தனை வருஷமா இதையா ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தீங்க? எனக்கு ஒரு தடவைகூடக் கொடுக்கணும்னு தோணலையா?”

கைடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, புழு டப்பாவைத் திறந்து, மனைவியின் முள்ளில் இன்னொன்றைக் கோத்தார்.