பூசையில் வைத்த கட்டைகள்

ஓட்டுகிறவன் இல்லாமல் ஒரு கிரேன் தானாக ஓடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது நான் ஓட்டுகிற கிரேன்தான். அன்றிலிருந்து, கேபினில் உட்கார்ந்திருக்கும்போதே, கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த சீட் காலியாகத் தெரியுமோ என்று ஒரு சந்தேகம் வந்துவிடும். உடனே கண்ணாடியைத் தட்டுவேன். கீழே நிற்கிறவர் எதற்கோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அண்ணாந்து பார்ப்பார். அவர் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

குடுமியான்மலை போகிற ரோட்டில் இருக்கிறது அந்த கிரானைட் பட்டறை. குவாரியிலிருந்து லாரியில் வருகிற கல்லை இறக்கி, அறுக்கிற மெஷினுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அங்கே ஒரு கேன்ட்ரி கிரேன் உண்டு. இரண்டு தண்டவாளம், அதன்மேல் நான்கு கால், உச்சியில் ஒரு இரும்புப் பாலம், ஓரத்தில் தொங்குகிற கூண்டு மாதிரி கேபின். எனக்குச் சொந்த ஊர் அறந்தாங்கி. எங்கள் தெருவில் பாதிப் பேரைப் போல நானும் வளைகுடாவுக்குப் போய், அங்கே ஒரு துறைமுகத்தில் பல வருடம் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பியவன். துறைமுகத்துக் கிரேனோடு பார்த்தால் இது விளையாட்டுச் சாமான். வந்த புதிதில் அப்படித்தான் இளக்காரமாக நினைத்தேன்.

எனக்குக் கொஞ்சம் பெருமை அதிகம். சேர்ந்த மாதத்திலேயே பட்டறைக்குக் கரண்டை மிச்சப்படுத்திக் காட்டினேன். கிரேனைக் காலியாக ஓட்டக் கூடாது, போகும்போது ஒரு கல், வரும்போது அறுத்த கல்பலகை ஒன்று. தேவைக்கு மேல் ஒரு சாண்கூடத் தூக்கக் கூடாது. முழங்கால் உயரத்தில் போகிற கல்லுக்குக் கரண்டும் குறைவு, ஆபத்தும் குறைவு. நிற்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே மோட்டாரை அணைத்துவிட்டால், அது தன் வேகத்திலேயே போய் நிற்கும். அதற்காகவே தண்டவாளத்தில் கிடக்கிற கல்தூளைத் தினமும் கூட்டச் சொல்வேன், சக்கரத்துக்கு கிரீஸ் போடுவேன். "தள்ளுனா கையாலயே போயிரும் போல இருக்கே பாய்!" என்று ஒருவர் வியந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி வியந்தவர்தான் கல்லுக்கு வடம் மாட்டுகிறவர். வடத்தை மாட்டிவிட்டு அவர் கையைத் தூக்கினால் நான் தூக்குவேன், கையை மடக்கினால் நிறுத்துவேன். ஐந்து வருடம் நாங்கள் பேசிக்கொண்டதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன்.

தினமும் வேலை முடிந்ததும் கிரேனைத் தண்டவாளத்தின் கோடியில் நிறுத்தி, நான்கு பக்கமும் சக்கரத்துக்கு இரும்புக் கட்டை போட வேண்டும். கடைசியாக இறங்குகிறவன் கிரேனைச் சுற்றி ஒருமுறை நடந்து கட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். துறைமுகத்தில் எனக்கு முதல் நாள் சொல்லித்தந்தது அது. வேறு எதை மறந்தாலும் அதை நான் மறந்ததில்லை. இந்தக் கதையில் என்னுடைய கஷ்டமே, அன்றைக்கும் நான் மறக்கவில்லை என்பதுதான்.

அன்று ஆயுத பூசை. பட்டறையைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஸ்பேனர், சம்மட்டி, வடம் எல்லாம் ஆபீஸ் வாசலில் வாழை இலையில் வரிசையாக இருந்தன. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் கேபினில் ஏறி, பழங்களை நசுக்கி, கிரேனைப் பூசை நடக்கிற இடத்துக்கு எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். கோடிக்குக் கொண்டுபோகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கத்து பிரேக்கை லைனிங் மாற்றுவதற்காகக் கழற்றித் திருச்சிக்கு அனுப்பியிருந்தோம்; மிச்சமிருந்த பிரேக் மட்டும் பலத்த காற்றுக்குத் தாங்காது. பூசை முடிந்து, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டார்கள்.

இறங்கி, வழக்கம்போல கிரேனைச் சுற்றி நடந்தேன். சக்கரத்தில் கட்டை இல்லை. நான்கு கட்டைகளும் வாழை இலையில் இருந்தன. அண்ணன் அவற்றைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செவ்வந்திப் பூ வைத்திருந்தார். பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொட மாட்டார்கள். அது அவர்கள் வழக்கம். குனிந்து எடுக்கலாமா என்று நின்றேன். அவர்கள் சாமி கும்பிட்டு வைத்ததில் போய் நான் கை வைப்பதா என்று கூச்சமாக இருந்தது. எடுத்திருந்தால் ஒருத்தரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். சரி, யாரிடமாவது வாயைத் திறந்தாவது சொல்லியிருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்துப் பார்த்தேன். உண்மையில் பாதி கூச்சம், பாதி வீட்டுக்குப் போகிற அவசரம்.

பொரியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனேன். மேற்கே வானம் கறுத்து, திடீரென்று ஒரு காற்று வந்தது. கல்தூள் எழும்பி, கூரைத் தகரமெல்லாம் படபடவென்று அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கிரேன் போய்க்கொண்டிருக்கிறது. மோட்டார் சத்தம் இல்லை, நகரும்போது அடிக்கிற எச்சரிக்கை மணியும் இல்லை, கேபினில் ஆளில்லை. நான் கிரீஸ் போட்டு வளர்த்த சக்கரம் அப்படி வழுக்கிக்கொண்டு போகிறது. தூரத்தில் அண்ணன் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து, காற்றுக்கு முதுகைக் காட்டிப் பொரி தின்றுகொண்டிருந்தார்.

கத்தினேன். தகரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஐந்து வருடம் என் கையை அவரும் அவர் கையை நானும் பார்த்தே பழகியவர்கள், அன்றைக்கு அவர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தண்டவாளம் அதிர்ந்ததும் எழுந்தார். உடம்பு தப்பித்தது, வலது கால் சக்கரத்துக்குத் தப்பவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி, "கட்டை ஏன் போடல?" என்று கேட்டார். "பூசையில இருந்துச்சு சார்" என்று எல்லாரும் சொன்னார்கள். அதோடு முடிந்துவிட்டது. நீ பார்த்தாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் கட்டையைப் போட்டுவிட்டு ரோடு வரைக்கும் போய், திரும்பி வந்து மறுபடி பார்க்கிறேன். பட்டப்பகலில், காற்று இல்லாத நேரத்தில், கிரேன் மெல்ல நகர்வது போல இருக்கிறது. அண்ணன் இடத்தில் இப்போது வடம் மாட்டுகிறவர் கையைத் தூக்கினால், அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை எனக்குத் தெரிகிறது. பயமாக இருக்கிறது. வேலையை விடவும் முடியவில்லை, ஏனென்றால் வேறு ஒருவன் வந்து கட்டையைப் பார்க்காமல் போய்விட்டால்?

அவரைப் போய்ப் பார்க்காமலே இருந்தேன். பெருநாளுக்குக் கறி கொடுத்தனுப்புவேன், நான் போக மாட்டேன். போன மாதம் அவரே ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், ஒருநாள் வந்து போகச் சொல்லி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் நாற்காலியில் இருந்தார்.

"வாங்க பாய், இங்கிட்டு நெழல்ல ஒக்காருங்க" என்றார். டீ வந்தது. பிறகு அவராகவே சொன்னார். "ஒங்கள்ட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்னுதான் வரச் சொன்னேன். கட்டைய எடுத்து பூசையில வச்சது நான்தானே. ஒங்க கிரேனுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். இப்போது விட்டால் இனி ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "அண்ணே, நான் பாத்தேன். சக்கரத்துல கட்டை இல்லன்னு பாத்தேன். எலையில இருந்ததையும் பாத்தேன். எடுக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, ஒருத்தர்ட்டயும் சொல்லாம வந்துட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருசமா எம் பொண்டாட்டி சொல்றா, ஒங் கால நீயேதான் வெட்டிக்கிட்டேன்னு. நானும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்." சுவரில் சாய்த்திருந்த காலைப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய்."

வீட்டுப் பக்கம் திரும்பி, "இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இப்ப சொன்னத அவகிட்டயும் சொல்லுங்க."

நான் எழுந்து நின்று சொன்னேன்.