கம்ப்யூட்டருக்கு ஒரு பிரிவுபசாரம்

தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு வழியனுப்பப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் கடைக்குட்டி, செல்லத்துக்கும் குறைவில்லை, வாய்க்கும் குறைவில்லை.

அதைக் கொடுத்தது மாமா. மூணாறில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். யாரோ வேண்டாமென்று தள்ளிய பழைய பெட்டியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். மாட்டுப்பட்டிப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்து நான் வரைந்த நாற்பது மாடுகள் அதற்குள் இருந்தன. சிலவற்றுக்கு ஐந்து கால்.

ஒரு நாள் மாமா வந்து, இது முப்பத்திரண்டு பிட் பிராசசர், இந்த வகைக்கு இனி அந்த லினக்ஸில் புதுப் பதிப்பு கிடையாது, இந்த மாதக் கடைசியோடு சப்போர்ட்டை நிறுத்துகிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஸ்டேட்டில் நிறுத்துவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐம்பத்தெட்டு வயது முடிந்தால் செக்ரோல் பதிவேட்டில் பேரை அடிப்பார்கள். மாலை போட்டு, வடையும் டீயும் கொடுப்பார்கள். பிறகு லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு மலையிறங்க வேண்டும். ஆகவே மாதக் கடைசியில், தேயிலை ஃபேக்டரியின் சாயங்காலச் சங்கு ஊதியதும் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும், என் மாடுகளும் அதோடு போய்விடும் என்று முடிவுகட்டினேன்.

அழுதது அரை நாள்தான். அப்புறம் ஏற்பாடுகளின் உற்சாகத்தில் துக்கம் மறந்தேபோனது. வேலியோரத்து டேலியாப் பூவை நூலில் கோத்து மாலை கட்டினோம். மாதக் கடைசி நாள் சாயங்காலம் லயத்துப் பிள்ளைகள் மொத்தமும் எங்கள் வீட்டில். இதென்ன கூத்து என்று திட்டிக்கொண்டே அம்மா எல்லாருக்கும் டீ போட்டாள். மானிட்டருக்கு மாலை போட்டு, பிரிவுபசாரத்தில் பேசும் கணக்கப்பிள்ளை மாதிரி தொண்டையைச் செருமி நான் பேச ஆரம்பித்தபோது ஃபேக்டரியில் சங்கு ஊதியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தோம். அணையவில்லை. என் ஐந்துகால் மாடு அப்படியே நின்றது. நாங்கள் போட்ட கூச்சலில் அடுத்த லயத்து நாய்கள்கூடக் குரைத்தன.

ஃபேக்டரியில் வேலை முடிந்த அப்பாவும், மூணாறுக் கடையை அடைத்துவிட்டு மாமாவும் அந்நேரம் சேர்ந்து வந்தார்கள். மாலையைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அது எப்படி பிள்ள நிக்கும்? அது பாட்டுக்கு ஓடும். இனிமே புதுசா ஒண்ணும் வராது, கோளாறு வந்தா திருத்த ஆளிருக்காது. அம்புட்டுதான்.”

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

“அப்போ வீட்ட விட்டு எடுக்க வேண்டாமா?”

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். “எதுக்குப்பா எடுக்கணும்? அதான் நல்லா ஓடுதே.”

அப்பா என் தலையில் கை வைத்தார். என்ன அருமையான பதில் சொன்னோம் என்று எனக்கு ஒரே பெருமை. லயத்தில் வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதத்தோடு அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது என்பது அந்த லயத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியாது.