கேழ்வரகுக்குள் அவரை

கணவருக்கு ஜவ்வாது மலையில் வேலை என்று ஒடுகத்தூரிலிருந்து ஏறிப் போனேன். எண்பதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பால்வாடி திறந்தார்கள். வேறு யாரும் கிடைக்காமல், ஐந்தாவது படித்த என்னையே டீச்சராக்கினார்கள். பெரியவர்கள் எதிரில் எனக்கு வாயே வராது. பிள்ளைகளிடம் மட்டும் வரும்.

மேற்பார்வைக்கு வந்த மேடம், "இந்த வயசுல அனா ஆவன்னா வேணாம். கை பழகணும், கண்ணு பழகணும். இங்க கிடைக்கிறத வச்சு நீங்களே பாடம் பண்ணுங்க" என்றார்.

பாடம் என்றால் அச்சடித்து வருவது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புளியங்கொட்டையை அடுக்கினால் விரல் பழகும். சொம்பிலிருந்து சொம்புக்குத் தண்ணீர் ஊற்றினால் கை நிதானப்படும். கேழ்வரகு, அவரை, ஆமணக்கு மூன்றையும் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொன்னால் கண் பழகும்.

அடுத்த முறை மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு யாரை அனுப்பலாம் என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். எல்லாரும் மூன்று விதையையும் பிரித்துவிட்டார்கள், அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளையைத் தவிர. அது கேழ்வரகைப் பரப்பி, அதற்குள்ளேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக அவரையை வைத்தது. ஆமணக்கைச் சுற்றிலும் வரிசையாக வைத்தது. கலைத்துவிட்டு மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே.

"இன்னும் பிரிக்க வரலியே. இன்னொரு வருஷம் இங்கயே இருக்கட்டும்" என்றார் மேடம்.

எங்கே இருக்கும்? இந்த ஜூனில் சேர்க்காவிட்டால் ஆட்டின் பின்னால் அனுப்பிவிடுவதாக அதன் தாய் முன்பே சொல்லியிருந்தாள். என் கண் அந்தத் தரையை விட்டு நகரவில்லை. தெரியாமல் செய்கிற பிள்ளை இரண்டு தடவையும் ஒரே மாதிரி செய்யுமா?

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய், தரையைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா டீச்சரம்மா, எங்க கொல்லைய இங்க கொண்டாந்து போட்டுகினு கீது?"

"கொல்லையா?"

"பின்ன? கேவுரு ஊடால அவரை, ஓரத்துல ஆமணக்கு. அப்படித்தான வெதைப்போம்? நீங்க நெல்லுச்சோறு ஊரு, உங்களுக்கு எங்க தெரியும்!"

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பேருந்து வரும் நேரம்; அதை விட்டால் அன்றைக்கு வேறு பேருந்து கிடையாது. எனக்கு எப்படி வாய் வந்ததோ, "மேடம், வெதைக்காத பொருள்ல ஒரு தடவ பார்க்கலாங்களா?" என்றேன்.

பையோடு உட்கார்ந்தார். கருங்கல், வெள்ளைக்கல், ஓட்டுச்சில்லு அள்ளிவந்து கொட்டினேன். பிள்ளை தலை நிமிராமல் மூன்று குவியலாகப் பிரித்தது.

"ஆமணக்க ஏன் கண்ணு ஓரத்துல வச்ச?" மேடம் குனிந்து கேட்டார்.

"ஆடு திங்காது."

மேடம் தாயிடம் திரும்பினார். "ஜூன்ல அனுப்புங்க."

"அப்ப ஆட்ட யாரு மேய்க்கிறது? நீங்க வர்றீங்களா மேடம்?"

"வர்றேன். பஸ்ஸு போய்ட்டுது. இன்னிக்கு உங்க வூடுதான்."

தாய்க்கு வெட்கமாகிவிட்டது. "களிதாங்க கெடைக்கும்" என்று முன்னே நடந்தாள்.

ஜூனில் அவளே பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். அதற்குப் பிறகு நான் செய்த எந்தப் பாடத்திலும், பிள்ளை வைத்ததைக் கலைப்பதற்கு முன் ஏன் அப்படி வைத்தது என்று கேட்டுக்கொள்வேன்.