கூடப் போன பாத்துமுத்து

பாத்துமுத்துவுக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், அவளைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான். கணவர் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் விற்று வந்தவர். ஒருநாள் கீழப்பழுவூர் சாலையோரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. ஒரே மகளை வி.களத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு லப்பைக்குடிக்காட்டில் காலையில் வீடுகளுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுப்பதும், கல்யாண வீடுகளில் சமையலுக்கு ஒத்தாசையாக நிற்பதுமாக அவள் பிழைப்பு ஓடியது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினால் எங்கே போகிறாய் என்று கேட்க வீட்டில் யாரும் கிடையாது.

அதே ஊர் ஆயிஷா பீவியின் நிலைமை வேறு. கணவர் துபாயில். மாடி வீடு, கிரில் கேட், போன் எல்லாம் இருந்தது. ஆனால் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் மாமனாரிடம் சொல்ல வேண்டும், கொழுந்தனார் ஒருவர் துணைக்கு வர வேண்டும். அவளைப் போலவே புருஷன்மார் அரபு நாட்டில் இருந்த பெண்கள் சேர்ந்து ஒரு மகளிர் குழு வைத்திருந்தார்கள். முதலில் சேமிப்புக்கு என்றுதான் கூடினார்கள். பிறகு கூடினால் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே பெரிதாக இருந்தது. தொண்ணூற்றொன்பதில் ஆயிஷா பீவியின் மகள் மர்ஜியா பிளஸ் டூ தேறினாள். அவளோடு தேறிய பெண்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரம்பலூரில் கல்லூரி இருந்தும், அவ்வளவு தூரம் பஸ்ஸில் பெண்ணை அனுப்ப ஒரு வீடும் தயாராக இல்லை.

குழு கூடி ஒரு வேன் பேசியது. ஜமாஅத்துப் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறுப்பான ஒரு பெண்பிள்ளை கூடப் போய்க் கூடவே திரும்பி வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அதற்குத்தான் ஆயிஷா பீவி பாத்துமுத்துவைத் தேடி வந்தாள்.

"பாத்துமுத்தக்கா, நம்ம புள்ளைங்களோட காலேஜுக்குப் போயிட்டு வரீங்களா?"

"நானா? நாலாவது கூட முடிக்காதவ நான்."

"படிக்கவா கூப்புடறேன்? கூடப் போகணும், சாயங்காலம் வரைக்கும் இருந்து கூட்டிட்டு வரணும். குழுவுலேர்ந்து மாசச் சம்பளம் கொடுத்துடறோம்."

"ஊர்ல இத்தனை பேரு இருக்கச்ச என்னைய ஏன் கேக்கறீங்க?"

"எவளைக் கேட்டாலும் வூட்ல கேட்டுட்டு சொல்றேங்கறா. நீங்க யாருகிட்ட கேக்கப் போறீங்க?"

பாத்துமுத்துவுக்குச் சுருக்கென்றது. உண்மையைத்தான் சொல்கிறாள் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. சரி என்றாள்.

வேன் ஓட்டியவன் நடராசன், குன்னத்துக்காரன். பருத்திக்காட்டு நடுவே கரிசல் ரோட்டில் அவன் வண்டியை விரட்டினால் பாத்துமுத்து முன் சீட்டிலிருந்து, "மெதுவாப் போ தம்பி, புள்ளைங்க இருக்கு" என்பாள். "சரிங்க பாயம்மா" என்பான். அடுத்த வளைவு வரைக்கும் மெதுவாகப் போவான்.

போவதும் வருவதும் சிரமமாக இல்லை. நடுவில் இருந்த பகல்தான் சிரமம். கல்லூரி வாசலுக்கு எதிரே மரத்தடியில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மழை நாளில் எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருத்தி குடையோடு ஓடிவந்தாள்.

"அக்கா, ஏன் நனையறீங்க? உள்ள வாங்க."

அவள் பெயர் ஜானகி. மகளிர் குழுக்களுக்குத் தையல் பயிற்சி கொடுக்கிறவள். கல்லங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். மழை விட்ட பிறகும் பாத்துமுத்து அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் போனாள். நாலாம் நாள் ஜானகி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "நின்னுக்கிட்டே பாத்தா கால்தான் வலிக்கும். உக்காந்து மிதிங்க" என்றாள்.

மெஷின் முதலில் பின்னுக்கு ஓடியது. நூல் அறுந்துகொண்டே இருந்தது. இருபது வயதுப் பெண்கள் ஒரு வாரத்தில் பிடித்ததைப் பிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் பிடித்த பிறகு கை படிந்துவிட்டது. கல்லூரிப் பெண்கள் போட்டிருந்தவை திருச்சிக் கடையில் வாங்கிய பர்தாக்கள். அவற்றின் நீளத்தில் வேன் படியில் தடுக்கி மர்ஜியா ஒருமுறை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். பாத்துமுத்து ஒவ்வொருத்தியுடையதையும் வாங்கி, ஆளுக்குத் தக்கபடி உயரம் குறைத்து, நடக்க வசதியாக அடியில் கொஞ்சம் விரித்துத் தைத்துக் கொடுத்தாள். பிறகு அவர்களுடைய அம்மாமார் கேட்டார்கள். பழைய மெஷின் ஒன்று அவள் வீட்டுக்கு வந்தது. இடியாப்ப உரல் பரணுக்கு ஏறியது.

இரண்டாம் வருடம் தை மாதத்தில் ஒருநாள், கல்லூரி விட்டு எல்லோரும் வேனில் ஏறிய பிறகும் ஷைமா வரவில்லை. ஷைமா, சவூதியில் தம்மாம் ஊரில் கடை ஒன்றில் வேலை பார்த்த ரஹ்மத்துல்லாவின் மகள். ஊரில் ஒரு பேச்சு எழுந்தால் அன்றோடு படிப்பு சரி என்று போனிலேயே நிபந்தனை போட்டுச் சம்மதித்திருந்தவர் அவர். பாத்துமுத்து வகுப்பு வகுப்பாகப் போய்த் தேடிவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினாள். அப்போதுதான் மர்ஜியா வாயைத் திறந்தாள்.

"மாமி, அவ படத்துக்குப் போயிருக்கா. கூடப் படிக்கிற புள்ளைங்களோட. காலேஜ் விடறதுக்குள்ள வந்துடுவேன்னுதான் சொன்னா."

தியேட்டருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் இந்தப் பெண்களை யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது? இங்கேயே காத்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆனாளோ? யோசிக்க நேரம் இல்லை என்று பாத்துமுத்துவுக்குத் தோன்றியது.

"நடராசா, வண்டிய தியேட்டருக்கு விடு."

"இத்தனை புள்ளைங்களையும் வச்சுக்கிட்டா பாயம்மா?"

"விடுங்கறேன்ல."

தியேட்டர் வாசலில் வேன் போய் நின்றபோது ஆட்டம் விட்டுக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஷைமா தோழிகளோடு அவசரமாக ஆட்டோ பிடிக்க ஓடியவள், வேனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பாத்துமுத்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஏற்றினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எதிர்த்த பாத்திரக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவர், தியேட்டர் வாசலில் நின்ற வேனையும் உள்ளே கறுப்பு பர்தாக்களையும் பார்த்துவிட்டார்.

வழியெல்லாம் ஷைமா அழுதுகொண்டே வந்தாள். "அத்தாகிட்ட சொல்லிடாதீங்க மாமி."

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

இவர்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பாத்துமுத்து வேன் நிறையப் பெண்களைச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம். மறுநாள் காலை நடராசன் தெரு முனையில் ஆரன் அடித்து அடித்துப் பார்த்தான். ஒருத்தியும் வரவில்லை. பாத்துமுத்து மட்டும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மத்தியானம் ஆயிஷா பீவி வீட்டுக் கூடத்தில் குழு கூடியது. ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"ஒங்களை நம்பித்தானே அனுப்புனோம்?"

"வண்டிய அங்க விடச் சொன்னது நான்தான்" என்றாள் பாத்துமுத்து. "ஆனா புள்ளைங்க யாரும் எறங்கல. அல்லா மேல ஆணையா எறங்கல."

"அப்ப எதுக்குப் போனீங்க?"

அதற்குமேல் அவள் பேசவில்லை. சொன்னால் ஒரு பெண்ணின் படிப்பு போகும். சொல்லாவிட்டால் எல்லோருடையதும் போகும். வேலை போனால் போகிறது, மெஷின் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை.

அப்போது ஷைமா தன் அம்மாவோடு உள்ளே வந்தாள். வாசல்படியிலேயே நின்றபடி, "படத்துக்குப் போனது நான் மட்டுந்தான். என்னையத் தேடித்தான் மாமி வண்டிய விடச் சொன்னாங்க" என்றாள்.

கூடத்தில் கசமுசாவென்று சத்தம். இப்படிப்பட்டவளோடு எங்கள் பிள்ளை எப்படிப் போவது என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அதுவரை தலைகுனிந்திருந்த பாத்துமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன், என்ன பண்ணிட்டா? பகல்ல ரெண்டு சிநேகிதிங்களோட போயி ஒரு படம் பாத்தா. சொல்லாம போனது தப்பு, அதுக்கு நானும் திட்டிட்டேன். படம் பாத்தது தப்புன்னா, இங்க எந்த வூட்ல வீடியோ டெக்கு இல்ல? நேத்து ராத்திரி ஓடுன படம் எனக்கு என் வூடு வரைக்கும் கேட்டுச்சே!"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதோடு பேச்சின் சூடு இறங்கியது. திங்கட்கிழமையிலிருந்து வேன் ஓடும் என்று முடிவாயிற்று. கூடப் போகிற ஆளை மாற்றினால் நல்லது என்று ஜமாஅத்திலிருந்து ஒருவர் சொல்லியனுப்பியபோது, "ஆளை வச்சது குழுங்க. மாத்தறதா இருந்தா நாங்க பேசி மாத்திக்கறோம்" என்று ஆயிஷா பீவி பதில் அனுப்பினாள். மாமனாரைக் கேட்காமல் அவள் வெளியே சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் வெள்ளிக்கிழமை தம்மாமிலிருந்து போன் வந்தது. ரஹ்மத்துல்லா மகளை நிறுத்திவிட்டார். ஆயிஷா பீவி பேசிப் பார்த்தாள், ஷைமாவின் அம்மா அழுது பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

பாத்துமுத்துவுக்கு அது நீண்ட நாள் உறுத்தியது. தியேட்டருக்கு வண்டியை விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசலிலேயே காத்திருந்தால், அந்தப் பெண் தானாக வந்து சேர்ந்திருப்பாள். பார்த்தவனும் இருந்திருக்க மாட்டான், பேச்சும் எழுந்திருக்காது. வேனில் ஷைமா உட்காரும் ஜன்னலோர இடத்தில் வேறு பெண் வந்து உட்கார்ந்தபோது பாத்துமுத்து பின்னால் திரும்பிப் பார்ப்பதையே விட்டாள்.

தையல் பெருகியதால் ஆயிஷா பீவி தன் வீட்டின் கீழ்க் கூடத்தை ஒழித்துக் கொடுத்தாள். குழு மூலம் கடன் வாங்கி மெஷின்கள் போட்டார்கள். பகலில் பாத்துமுத்து பெரம்பலூரில் இருந்ததால் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அவள் நேராக ஷைமாவின் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் கேட்டாள். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த பெண் எங்காவது எழுந்து போனால் போதும் என்று அம்மா அனுப்பி வைத்தாள். முதலில் ஷைமா யாரோடும் பேசவில்லை. அளவெடுப்பாள், வெட்டுவாள், போய்விடுவாள். பிறகு மெதுவாக அதட்ட ஆரம்பித்தாள். தையல் கோணினால் பிரித்துப் போட்டு மறுபடி தைக்கச் சொன்னாள். திட்டக்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றின் சீருடை வேலையைப் பேசிப் பிடித்ததும் அவள்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் ரஹ்மத்துல்லா விடுப்பில் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் கூடத்தின் கிரில் கேட் அருகே வந்து நின்றார். உள்ளே மகள், தன்னைவிடப் பெரியவளான ஒருத்திக்குக் காலர் வெட்டக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்மாம்ல பர்தாத் துணி நல்ல ரகம் கிடைக்குது" என்றார் பாத்துமுத்துவிடம். "வேணும்னா அனுப்பி விடறேன்."

"துணி கெடக்கட்டும் தம்பி. புள்ள விட்ட படிப்பை முடிக்கட்டும். தபால்ல படிக்கிற கரஸ்ல பணம் கட்டுனா இங்க இருந்துக்கிட்டே படிச்சுடுவா. பரீட்சைக்கு மட்டுந்தான் பெரம்பலூர் போகணும்."

அவர் செருப்பால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார்.

"பரீட்சைக்கு யாரு கூடப் போறது?"

"நான்தான். இந்தத் தடவை தியேட்டர் பக்கம் வண்டிய விடச் சொல்ல மாட்டேன்."

ரஹ்மத்துல்லா சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்க இருமினார். தம்மாமுக்குத் திரும்பும் முன் பீஸ் கட்டிவிட்டுப் போனார்.

ஷைமா பட்டம் வாங்கிய வருடமே கல்யாணம் ஆகி வி.களத்தூர் போனாள், அங்கே பாத்துமுத்துவின் மகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு தையல் குழு தொடங்கினாள். மர்ஜியா ஊரிலேயே ஒரு பள்ளியில் டீச்சர். கல்லூரி போகிற பெண்கள் இரண்டு வேனுக்குப் பெருகினார்கள். சிலர் பஸ்ஸிலும் போய்வந்தார்கள். பாத்துமுத்துவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வேன் படி ஏற முடியவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் குழு கூடி, அவளுக்குப் பதில் கூடப் போக ஆள் தேடுவது பற்றிப் பேசியது. இரண்டு மூன்று பெயர்கள் வந்தன.

"ஆளே வேணாம்" என்றாள் பாத்துமுத்து.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் அந்தச் சம்பளத்தில் இருந்தவளே இப்படிச் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணுன்னா என்ன பண்றது அக்கா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"ஒண்ணுன்னா நம்மகிட்ட வந்து சொல்லும் புள்ளைங்க. சொன்னா திட்டாம கேளுங்க. அது போதும். அந்தச் சம்பளத்துல கூடத்துக்கு இன்னொரு மெஷின் வாங்கலாம்."

பேச்சு நீண்டது. இரண்டு பேர் ஒப்புக்கொள்ளாமலே எழுந்து போனார்கள். அவர்கள் மறுவாரம் தங்கள் பெண்களோடு தாங்களே வேனில் போய்ப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். ஜமாஅத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. புது மெஷின் ஆடி மாதம் வந்தது. பாத்துமுத்து அதில் எண்ணெய் விட்டு, துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வைரக்கண்ணு என்று பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த பெண்ணை அதன் முன் உட்கார வைத்தாள்.