டிரம் நிறைய ராகி

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் அமலா களிக்கடை வைத்திருந்தாள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிச்சோறு. மூடிய பிறகுதான் சுற்றுவட்டாரப் புன்செயில் விளைகிற ராகிக்கு வந்தார்கள். புருஷன் போனபின் அந்த ராகிதான் அவளுக்குப் பிழைப்பு. மூட்டை தூக்குகிறவர்களுக்குக் காலையில் இரண்டு உருண்டை உள்ளே போனால் பொழுது சாயும்வரை பசிக்காது. அதற்காகவே வந்தார்கள்.

இந்த முறை அறுப்பு நேரத்தில் மழை விடாமல் அடித்தது. வழக்கமாக அவளுக்கு ராகி போடும் பக்கத்து ஊர் விவசாயி வெங்கடம்மா கொண்டுவந்த புது ராகியை அமலா வாயில் போட்டுக் கடித்தாள். இனித்தது. நல்ல மணி என்று பூரித்துப்போனாள். ராகி டிரம்மின் அடி தெரியக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். மிச்சமிருந்த பழசின் மேலேயே கொட்டி, வேப்பிலை போட்டுக் கிளறிவிட்டாள்.

மறுநாள் களி சேரவில்லை. கிண்டிய கோலை எடுத்ததும் வழிந்தது. மாவைக் கூட்டினாள், நொய்யைக் கூட்டினாள். உருண்டை தட்டில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரந்தது.

"இன்னாக்கா இது, ஓடிப்போவுது? புடிச்சுக் கட்டி வைங்க," என்றான் மூட்டை தூக்கும் ராஜேந்திரன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கடுத்த நாள் பாதிப் பேர் எதிர்ச்சாரி சோற்று வண்டியில் நின்றார்கள்.

அமலா பஸ் பிடித்து வெங்கடம்மாவின் ஊருக்குப் போய்க் கத்தினாள். "தெரிஞ்சேதானே என் தலையில கட்டினே?"

வெங்கடம்மா அடுப்பிலிருந்த சட்டியைத் திறந்து காட்டினாள். அதிலும் களி கூழாகக் கிடந்தது.

"மழையில கதிர்லயே மொள வுட்டுடுச்சுக்கா. காயவெச்சு அடிச்சா மொள உதிர்ந்துடுது, கண்ணுக்கு இன்னா தெரியும்? நானும் இதத்தான் துன்றேன். ஊர் பூரா இதே கதி."

"அந்த இனிப்பு..."

"மொள கட்னா இனிக்காதா? மாவுல பசையும் பூடும்."

பழையதையாவது பிரித்தெடுக்கலாமென்று வீட்டுக்கு வந்து டிரம்முக்குள் கையை விட்டாள் அமலா. முழங்கைவரை ஒரே சிவப்பு. எது பழசு, எது புதுசு? முறத்தில் அள்ளிப் பார்த்தாள். திரும்பக் கொட்டினாள்.

காலையில் உருட்டவே இல்லை. கூழாகக் கரைத்து, மோரும் வெங்காயமும் போட்டு வைத்தாள். ராஜேந்திரன் மட்டும் வந்தான். ஒரு சொம்பு குடித்தான்.

"ருசியாத்தான்கீது. மத்தியானம் வரைக்கும் தாங்காதேக்கா."

"தெரியும்டா," என்று இன்னொரு சொம்பு ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சோற்று வண்டிப் பக்கம் நடந்தான்.